பெயர் ஒன்று, நோயாளி வேறு: புறநோயாளிகள் பிரிவில் தேவை இரட்டைச் சரிபார்ப்பு

பெங்களூரு: பெரிய மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவில் "லட்சுமி" என்று அழைத்தால் இருவர் எழுந்து வரக்கூடும். ஒருவருக்கு சர்க்கரை நோய். மற்றவருக்கு இதய நோய். சீட்டு மாறினால் மருந்தும் மாறும். சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையை அந்நோய் இல்லாதவர் உட்கொண்டால் மயக்கம் ஏற்படலாம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை, தேவையற்றவருக்கு ரத்தக் கசிவை உண்டாக்கலாம்.

உள்நோயாளிகளுக்குப் பல மருத்துவமனைகளில் கையில் அடையாளப் பட்டை கட்டப்படுகிறது. புறநோயாளிக்கு அந்த வசதி இல்லை. பதிவு, மருத்துவர் அறை, ரத்தப் பரிசோதனை, மருந்து வழங்குமிடம் என அலையும் அவருக்குக் கையிலுள்ள சீட்டே அடையாளம்.

பெங்களூரில் இச்சிக்கல் சற்றுக் கூடுதல். நிமான்ஸ், கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை போன்றவற்றுக்குத் தமிழகம், ஆந்திரத்திலிருந்தும் நோயாளிகள் வருகின்றனர். தமிழரின் முன்னெழுத்து பெரும்பாலும் தந்தை பெயரைக் குறிக்கும். கன்னடரின் முன்னெழுத்து ஊரையும் குறிக்கலாம். ஒரே பெயர் வெவ்வேறு விதமாக எழுதப்படும்போது, ஒருவருக்கே இரு பதிவுகள் உருவாகவும், இருவரின் விவரங்கள் கலக்கவும் வாய்ப்பு உண்டு.

ஒவ்வொரு நோயாளியையும் குறைந்தது இரு விவரங்களைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வலியுறுத்தியது. மருந்துத் தவறுகளால் உலக அளவில் ஆண்டுக்கு 4,200 கோடி டாலர் செலவாகிறது என அந்நிறுவனம் 2017-ல் மதிப்பிட்டது.

எண் மட்டும் போதுமா?

மத்திய அரசு 2021 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம், 14 இலக்க சுகாதார எண்ணை வழங்குகிறது. அதைப் பெறுவது கட்டாயமல்ல. குடும்பத்தில் பலருக்கு ஒரே செல்போன் எண் இருப்பதும், முதியோர் பலரின் பிறந்த தேதி ஆவணங்களில் ஜனவரி 1 என்றே இருப்பதும் குழப்பத்துக்கு இடமளிக்கின்றன. எனவே எண்ணுடன் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், ஊர் ஆகியவற்றையும் ஒப்பிடுவதே பாதுகாப்பு.

மருத்துவமனைகள் மாநிலப் பட்டியலில் உள்ளவை. நாடாளுமன்றம் 2010-ல் இயற்றிய மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தை ஏற்காத கர்நாடகம், தனியார் மருத்துவமனைகளுக்கான தனது 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தையே பின்பற்றுகிறது. இரட்டைச் சரிபார்ப்பைக் கோரும் தேசிய அங்கீகார வாரியத்தின் தரச்சான்றும் விரும்பிப் பெறுவதே. ஆகவே, சிறு கிளினிக்குகள் வரை இந்நடைமுறையைக் கொண்டு செல்லும் பொறுப்பு பெரிதும் மாநில அரசையே சார்ந்தது.

இதற்குப் பெரும் நிதி தேவையில்லை. "நீங்கள் லட்சுமிதானே?" என்று கன்னடத்தில் கேட்டால், மொழி புரியாத தமிழ் மூதாட்டியும் தலையசைத்துவிடுவார். "உங்கள் பெயர் என்ன? எந்த ஊர்?" என்று அவரையே சொல்ல வைத்து, சீட்டுடன் ஒப்பிட்ட பிறகே மருந்து கொடுக்க வேண்டும். அரை நிமிடம் பிடிக்கும் இக்கேள்வி, ஓர் உயிரைக் காக்கக்கூடும்.