குழந்தையுடன் வெளிநாடு குடிபெயர்தல் (இந்தியச் சட்டம்)

குழந்தையுடன் வெளிநாடு குடிபெயர்தல் என்பது, பிரிந்து வாழும் அல்லது மணமுறிவு பெற்ற பெற்றோரில் ஒருவர், வேலை, மறுமணம், கல்வி முதலிய காரணங்களுக்காகத் தம் குழந்தையை அழைத்துக்கொண்டு வேறொரு நாட்டில் நிலையாக வாழச் செல்வதைக் குறிக்கும். மற்றப் பெற்றோர் இசைந்தால் இது குடும்பத்தின் தனிப்பட்ட முடிவாகவே முடிகிறது. அவர் எதிர்த்தாலோ, அவருக்குத் தெரியாமல் பயணம் நிகழ்ந்தாலோ இது சட்டச் சிக்கலாகிறது. இந்தியாவில் இதற்கெனத் தனிச்சட்டம் இல்லை. காப்பாளர் பற்றிய பொதுச் சட்டங்களையும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளையும் கொண்டே இவ்வழக்குகள் முடிவு செய்யப்படுகின்றன. பெற்றோரின் உரிமையைவிடக் குழந்தையின் நலனே தலையாயது என்பது இவற்றின் அடிப்படைக் கோட்பாடு ஆகும்.

பின்னணி

தமிழ்நாட்டிலிருந்து ஐக்கிய அமெரிக்கா, ஐக்கிய இராச்சியம், கனடா, ஆத்திரேலியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளுக்குப் பணி நிமித்தம் செல்வோர் மிகுதி. சென்னையின் தென்புறநகர்ப் பகுதிகளான தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர் முதலிய இடங்களில் மென்பொருள் துறையில் பணிபுரியும் குடும்பங்கள் பல வாழ்கின்றன. இக்குடும்பங்களில் மணவாழ்வு முறியும்போது சிக்கல் இரு திசைகளில் எழுகிறது. ஒன்று, இங்கு வளரும் குழந்தையை வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்ல ஒருவர் விரும்புவது. மற்றொன்று, வெளிநாட்டில் வளர்ந்த குழந்தையை ஒருவர் தம் பெற்றோர் வீட்டுக்கு அழைத்து வந்து, திரும்பிச் செல்லாமல் தங்கிவிடுவது. இரண்டிலும் நீதிமன்றம் கேட்கும் அடிப்படைக் கேள்வி ஒன்றே.

சட்ட நிலை

காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டம், 1890 எல்லாச் சமயத்தினருக்கும் பொருந்தும். இந்துக்களுக்கு இதனுடன் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், 1956 என்பதும் பொருந்தும். இளவர் என்பது 18 வயது நிரம்பாதவரைக் குறிக்கும் சட்டச் சொல்.

1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, இளவரின் இயற்கைக் காப்பாளர் தந்தை என்றும் அவருக்குப் பின் தாய் என்றும் கூறுகிறது. 5 வயது நிரம்பாத குழந்தை வழக்கமாகத் தாயின் பொறுப்பில் இருக்கும் என்றும் அதே பிரிவு கூறுகிறது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், "அவருக்குப் பின்" என்பது தந்தையின் இறப்புக்குப் பின் என்று மட்டும் பொருள்படாது, தந்தை பொறுப்பேற்காத நிலையையும் குறிக்கும் என விளக்கியது. இதனால் தந்தை உயிருடன் இருக்கும்போதே தாய் இயற்கைக் காப்பாளராகச் செயற்பட வழி ஏற்பட்டது. இச்சட்டத்தின் 13ஆம் பிரிவு, காப்பாளரை நியமிக்கும்போது இளவரின் நலனையே முதன்மையாகக் கருத வேண்டும் என்கிறது.

குடிபெயர்வை நேரடியாகத் தொடும் விதி 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26ஆம் பிரிவில் உள்ளது. நீதிமன்றத்தால் நியமிக்கப்பட்ட காப்பாளர், அந்நீதிமன்றத்தின் அனுமதி இன்றி இளவரை அதன் ஆள்வரை எல்லைக்கு வெளியே கொண்டு செல்லலாகாது என்பது அதன் சாரம். நீதிமன்ற ஆணை எதுவும் இல்லாத நிலையில் இயற்கைக் காப்பாளரான பெற்றோருக்கு இத்தகைய வெளிப்படையான தடை இச்சட்டங்களில் இல்லை. எனினும், தடை இல்லை என்பதால் மட்டும் அவ்வாறு செய்த பயணம் பின்னர் கேள்விக்கு உட்படாது எனக் கொள்ள முடியாது.

கடவுச்சீட்டும் பயணமும்

சென்னை மண்டலக் கடவுச்சீட்டு அலுவலகத்தின் கீழ்ச் சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் ஆகிய இடங்களில் கடவுச்சீட்டுச் சேவை மையங்கள் இயங்குகின்றன. இளவருக்கான கடவுச்சீட்டு 5 ஆண்டுகளுக்கு அல்லது 18 வயது நிரம்பும் வரைக்கு, இவற்றுள் எது முந்தியதோ அதுவரை செல்லும். இதற்கான விண்ணப்பத்துடன் பெற்றோரின் இசைவைத் தெரிவிக்கும் இணைப்பு "டி" உறுதிமொழி அளிக்கப்படுகிறது. பெற்றோரில் ஒருவர் வெளிநாட்டில் இருந்தால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றளிக்கப்பட்ட உறுதிமொழிப் பத்திரத்தை அனுப்பலாம். ஒருவரின் இசைவு கிடைக்காதபோது, காரணத்தைக் குறிப்பிட்டு மற்றவர் மட்டும் கையொப்பமிடும் இணைப்பு "சி" உறுதிமொழி பயன்படுகிறது.

இங்குக் கவனிக்க வேண்டியது, கடவுச்சீட்டு பெறுவது வேறு, குழந்தையை வெளிநாட்டில் குடியமர்த்தும் உரிமை வேறு என்பதாகும். கடவுச்சீட்டு அலுவலகம் பெற்றோருக்கு இடையிலான வழக்கைத் தீர்ப்பதில்லை. மேலும், ஒரு பெற்றோருடன் புறப்படும் குழந்தைக்கு மற்றவரின் இசைவுக் கடிதத்தைக் குடிவரவுச் சோதனையில் காட்ட வேண்டும் என்ற பொது விதியும் இந்தியாவில் இல்லை. தடையாணை, கடவுச்சீட்டை ஒப்படைக்கும் ஆணை போன்றவற்றை நீதிமன்றத்திலிருந்து முன்கூட்டிப் பெற்றிருந்தால் மட்டுமே பயணத்தைத் தடுக்க இயலும். தாம்பரத்திலிருந்து நான்காவது தொடர்வண்டி நிலையமான திரிசூலத்தின் எதிரிலேயே சென்னை விமான நிலையம் உள்ளது. பயணத்துக்குச் சில மணி நேரமே போதும். தடையாணை பெறுவதற்கு அந்த நேரம் போதாது. இவ்வேறுபாடே பல வழக்குகளின் தோற்றுவாய் ஆகும்.

சேரும் நாட்டின் விதிகள் வேறாக இருக்கலாம். 16 வயது நிரம்பாதவருக்கு ஐக்கிய அமெரிக்கக் கடவுச்சீட்டு வழங்கப் பொதுவாகப் பெற்றோர் இருவரின் இசைவும் தேவை. ஐரோப்பாவின் செங்கன் நாடுகளும் இளவரின் நுழைவிசைவு விண்ணப்பத்தில் பெற்றோரின் இசைவைக் கேட்கின்றன.

நீதிமன்ற அனுமதி

குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்தின் மீது ஆள்வரை கொண்ட நீதிமன்றத்திலேயே காப்பு மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவு கூறுகிறது. குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், 1984 இந்த அதிகாரத்தைக் குடும்ப நீதிமன்றங்களுக்கு அளித்தது. தாம்பரம் வட்டம், 2019 நவம்பரில் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்ட செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. இம்மாவட்டத்துக்கான குடும்ப நீதிமன்றம் செங்கல்பட்டு நகரில் உள்ளது. சென்னை மாவட்டத்துக்கான குடும்ப நீதிமன்றங்கள் உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ளன. எனவே குழந்தை உண்மையில் எங்கு வசித்துப் பள்ளிக்குச் செல்கிறது என்பதே வழக்கு நடைபெறும் இடத்தை முடிவு செய்கிறது.

அனுமதி கோரும் மனுவில் பொதுவாக ஆராயப்படுவன:
* குழந்தையின் வயது, பாலினம், உடல்நிலை, மனநிலை
* இதுவரை குழந்தையை அன்றாடம் பராமரித்தவர் யார் என்பது
* வெளிநாட்டுப் பணி, குடியுரிமை அல்லது நுழைவிசைவின் உறுதித்தன்மை
* அங்குள்ள வீடு, பள்ளி, பெற்றோர் பணிக்குச் செல்லும்போது குழந்தையைக் கவனிப்பவர்
* மற்றப் பெற்றோருடனும் தாத்தா பாட்டியுடனும் தொடர்பு நீடிப்பதற்கான திட்டம்
* முந்தைய நீதிமன்ற ஆணைகளை விண்ணப்பதாரர் மதித்து நடந்துள்ளாரா என்பது
* போதிய வயதுடைய குழந்தையின் சொந்த விருப்பம்

கடைசியாகக் கூறப்பட்ட விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என 17ஆம் பிரிவு கூறுகிறது. நீதிபதி பெரும்பாலும் தம் அறையில் குழந்தையுடன் தனியாகப் பேசி அதனை அறிகிறார்.

2010இல் உச்ச நீதிமன்றம், ஆத்திரேலியாவில் வேலை பெற்ற தாய் தம் மகனை அங்கு அழைத்துச் செல்ல அனுமதித்தது. காப்பு ஆணைகள் இறுதியானவை அல்ல, குழந்தையின் தேவைக்கேற்ப மாற்றத்தக்கவை என்பது அத்தீர்ப்பின் முதன்மைக் கருத்து. 2020இல், பெங்களூரிலிருந்து சிங்கப்பூருக்குப் பணி மாற்றம் பெற்ற தாய்க்கும் அனுமதி கிடைத்தது. தந்தை குழந்தையுடன் காணொளியில் பேசவும் விடுமுறையில் சந்திக்கவும் அவ்வாணை வழி செய்தது.

நேரொத்த ஆணை

இந்திய நீதிமன்றத்தின் நிபந்தனைகள் வெளிநாட்டில் தாமாகச் செல்லுபடி ஆவதில்லை. ஆகையால், சேரும் நாட்டின் நீதிமன்றத்திலும் அதே நிபந்தனைகள் கொண்ட ஆணையைப் பெற்று வரும்படி கூறும் முறை உள்ளது. இது நேரொத்த ஆணை எனலாம். 2020 அக்டோபரில், கென்யாவில் வாழும் தந்தையிடம் மகனை ஒப்படைத்த உச்ச நீதிமன்றம், நைரோபி உயர் நீதிமன்றத்திலிருந்து இத்தகைய ஆணையைப் பெற்றுவரப் பணித்தது. பின்னர் நிபந்தனைகள் மீறப்பட்டதாகவும் நீதிமன்றம் ஏமாற்றப்பட்டதாகவும் கண்டு, 2021 அக்டோபரில் தன் ஆணையைத் திரும்பப் பெற்றது. 2022இல் தந்தைக்கு நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறைத்தண்டனை விதித்தது. ஆயினும் அப்போது மகன் கென்யாவிலேயே இருந்தான். எல்லை கடந்த பின் ஆணையை நிறைவேற்றுவது எத்துணைக் கடினம் என்பதை இவ்வழக்கு காட்டுகிறது.

இசைவின்றி அழைத்து வருதல்

வெளிநாட்டில் வாழ்ந்த குழந்தையை ஒருவர் இந்தியாவுக்கு அழைத்து வந்து தங்கிவிடும்போது, மற்றவர் வழக்கமாக உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்கிறார். தமிழ்நாட்டுடன் தொடர்புடைய இரு வழக்குகள் இத்துறையில் முதன்மையானவை.

முதல் வழக்கில், நியூயார்க் நீதிமன்றம் பெற்றோர் இருவருக்கும் கூட்டுப் பொறுப்பு அளித்திருந்த நிலையில், தாய் 2007 சூனில் மகனை இந்தியாவுக்கு அழைத்து வந்தார். சென்னையில் தம் பெற்றோருடன் வாழப்போவதாகத் தந்தைக்குத் தெரிவித்திருந்தார். ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக இருவரையும் காவல்துறையால் கண்டறிய இயலவில்லை. 2009 அக்டோபரில் நடுவண் புலனாய்வுச் செயலகம் அவர்களைச் சென்னையில் கண்டறிந்தது. 2009 நவம்பர் 13 அன்று, மகனை அமெரிக்காவுக்குத் திரும்ப அழைத்துச் செல்லும்படி உச்ச நீதிமன்றம் தாய்க்கு ஆணையிட்டது. இடம் மாற்றி இடம் மாற்றி வைக்கப்பட்டதால் சிறுவன் எங்கும் வேரூன்றவில்லை என்பதும் கருத்தில் கொள்ளப்பட்டது.

இரண்டாவது வழக்கு கோயம்புத்தூரைச் சார்ந்தது. ஐக்கிய இராச்சியத்தில் பிறந்த இரு மகள்களுடன் தாய் 2012 ஆகஸ்டில் கோயம்புத்தூர் வந்து, திரும்பும் பயணச்சீட்டு இருந்தும் செல்லவில்லை. அந்நாட்டு நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பரில் மகள்களைத் தன் காப்பில் எடுத்து ஆணையிட்டது. சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் தந்தையின் மனுவைத் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றம் 2015 பிப்ரவரி 27 அன்று அதனை மாற்றி, மகள்களை ஐக்கிய இராச்சியத்துக்கு அனுப்பப் பணித்தது. முதலில் ஆணை பிறப்பித்த நீதிமன்றத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்பது அத்தீர்ப்பின் கருத்து.

இக்கருத்து நீடிக்கவில்லை. 2017 சூலை 3 அன்று, மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, வெளிநாட்டு ஆணை முந்தியது என்பதே முடிவைத் தீர்மானிக்காது என்று கூறியது. இதய நோய்க்காகத் தொடர் கண்காணிப்பு தேவைப்பட்ட சிறுமியைத் தாயுடன் இந்தியாவிலேயே இருக்க அது அனுமதித்தது. வெளிநாட்டு ஆணை, குழந்தையின் நலனை ஆராயும்போது கருதத்தக்க காரணிகளுள் ஒன்று மட்டுமே என்பதே அன்று முதல் உள்ள நிலை.

இதனால் குழந்தைகள் எப்போதும் இங்கேயே இருக்க அனுமதிக்கப்படுகின்றனர் எனக் கொள்ளலாகாது. 2019, 2020, 2022 ஆகிய ஆண்டுகளின் பல தீர்ப்புகளில் குழந்தைகள் ஐக்கிய அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அவற்றுள் ஒன்றில், மருத்துவத்துக்காக 2019 செப்டம்பர் வரை இந்தியாவில் இருக்கப் பெற்றோர் எழுத்துவழி இசைந்திருந்தனர். தாய் அதன் பின்னும் மகனை இங்கேயே வைத்திருந்தார். 2022 சனவரியில் திரும்ப அனுப்ப ஆணையாயிற்று. குறிப்பிட்ட காலத்துக்குத் தரப்பட்ட இசைவு நிலையான குடிபெயர்வுக்கு இசைவு ஆகாது என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

ஹேக் உடன்படிக்கை

1980 அக்டோபர் 25 அன்று உருவான பன்னாட்டுக் குழந்தைக் கடத்தலின் உரிமையியல் கூறுகள் பற்றிய ஹேக் உடன்படிக்கையில் 100க்கும் மேற்பட்ட நாடுகள் இணைந்துள்ளன. 16 வயதுக்குட்பட்ட குழந்தை முறையின்றி அழைத்துச் செல்லப்பட்டு ஓராண்டுக்குள் மனு செய்யப்பட்டால், அதனை வழக்கமாக வாழ்ந்த நாட்டுக்கு விரைந்து திருப்பி அனுப்ப வேண்டும் என்பது இதன் மைய விதி. காப்புரிமை யாருக்கு என்பதை அந்நாட்டு நீதிமன்றமே முடிவு செய்யும். குழந்தைக்குக் கடுந்தீங்கு நேரும் இடர் இருந்தால் திருப்பி அனுப்ப மறுக்கலாம்.

தமிழர் வாழும் நாடுகளுள் ஐக்கிய இராச்சியம், கனடா, ஆத்திரேலியா, ஐக்கிய அமெரிக்கா, சிங்கப்பூர், இலங்கை ஆகியன இதில் இணைந்தவை. இலங்கை 2001ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் இதனை நடைமுறைப்படுத்தியது. இந்தியாவும் மலேசியாவும் இணையவில்லை.

இந்தியா இணைய வேண்டும் என்று சட்ட ஆணையம் 2009இல் தன் 218ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. 2016இல் வெளிவந்த 263ஆவது அறிக்கை ஒரு சட்ட முன்வரைவையும் அளித்தது. இதற்கு எதிர்ப்பு எழுந்தது. குடும்ப வன்முறையிலிருந்து தப்பித் தாய்வீடு திரும்பும் பெண்கள் "கடத்தியவர்" எனப்படுவர் என்பதும், வருமானமோ குடியுரிமையோ இல்லாத அந்நிய நாட்டில் அவர்கள் வழக்காட நேரும் என்பதும் எதிர்ப்பாளர் வாதம். இணையாமையால், இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்ட குழந்தையை மீட்கவும் இங்குள்ள பெற்றோருக்கு உடன்படிக்கை வழி இல்லை என்பது மறுதரப்பு வாதம். நீதிபதி பிந்தல் தலைமையிலான குழு 2018இல் அளித்த அறிக்கை, இத்தகைய வழக்குகளுக்கெனத் தனி அதிகார அமைப்பு ஒன்றைப் பரிந்துரைத்தது. சட்டம் இதுவரை இயற்றப்படவில்லை.

இணக்கத் தீர்வு

இசைவு எழுத்தில் இருப்பதும், நாடு, காலம், பள்ளி, செலவு, சந்திப்பு ஆகியவற்றைத் தெளிவாகக் கூறுவதும், அது நீதிமன்ற ஆணையாகப் பதிவாவதும் பின்னாளைய வழக்குகளைப் பெரிதும் குறைக்கும். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005இல் தொடங்கிய தமிழ்நாடு சமரசத் தீர்வு மையம், பெற்றோர் நேரில் பேசி உடன்பாடு காண உதவுகிறது. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987இன் 12ஆம் பிரிவின்படி பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறத் தகுதி உடையவர்கள்.

ஒளிவின்றி அனுமதி கேட்பவருக்குக் காலதாமதம் நேர்கிறது. அனுமதி மறுக்கப்படவும் கூடும். ஒளிவாகச் செல்பவரின் குழந்தையோ, பள்ளியும் நட்பும் மொழியும் பழகிய பின் மீண்டும் ஒருமுறை நாடு மாற நேரலாம். அவ்வாறு மாறும்போது அது முன்பு விட்டுச் சென்ற வாழ்வும் அங்கு அதே நிலையில் இருப்பதில்லை.

இவற்றையும் பார்க்கவும்

* ஆட்கொணர்வு மனு
* குடும்ப நீதிமன்றம்
* ஹேக் உடன்படிக்கை (1980)
* மணமுறிவு