300 என்றால் 360 வரை

ஒரு சாப்பாட்டில் எத்தனை கலோரி இருக்கிறது என்று நேரடியாகத் தெரிந்துகொள்ள, அதைக் கொளுத்த வேண்டும். தட்டில் உள்ளதையெல்லாம் ஒன்றாக அரைத்து, ஈரம் போக உலர்த்தி, அதில் ஒரு சிட்டிகையை எஃகுக் குப்பிக்குள் வைப்பார்கள். உள்ளே ஆக்சிஜனை அழுத்தி நிரப்பி, மின்கம்பியால் பற்றவைப்பார்கள். குப்பியைச் சுற்றியுள்ள தண்ணீர் எவ்வளவு சூடேறியது என்பதை வைத்துக் கணக்குப் போடுவார்கள். இந்தக் கருவிக்கு பாம் கலோரிமீட்டர் என்று பெயர்.

அமெரிக்காவில், பாஸ்டனின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் சூசன் ராபர்ட்ஸ் குழுவினர் 29 உணவக உணவுகளையும், சூப்பர் மார்க்கெட்டில் விற்கும் 10 உறைந்த சாப்பாட்டுப் பெட்டிகளையும் இப்படி எரித்துப் பார்த்தார்கள். எல்லாமே எடை குறைக்க நினைப்பவர்கள் தேடி வாங்கும் ‘குறைந்த கலோரி’ வகை. 2010இல் முடிவு வெளியானது. உணவகத் தட்டுகளில் சொன்னதைவிடச் சராசரியாக 18 சதவீதம் அதிகம்; பெட்டிகளில் 8 சதவீதம் அதிகம். பத்துப் பெட்டியை வைத்து ஊரையே எடைபோட முடியாதுதான். ஆனால் சராசரி எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதைக் கவனியுங்கள்.

நியூஜெர்சியிலோ டெக்சாஸிலோ இருக்கும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு அந்த வீட்டு ஃப்ரீசர் பழக்கம். பாலக் பனீர், சன்னா மசாலா, பீன்ஸ் பரிட்டோ என்று அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கும். ஐந்தாறு நிமிடம் மைக்ரோவேவில் வைத்தால் மதியச் சாப்பாடு முடிந்தது. 1987இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய ஏமிஸ் கிச்சன், இறைச்சி கலக்காத உணவை மட்டுமே விற்றுப் பெரிய நிறுவனமானது. ‘சைவம், கலோரி குறைவு, பின்பக்கம் எல்லாம் அச்சிட்டிருக்கிறது, வேறென்ன வேண்டும்?’ என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. பதில் அந்த அச்சு எப்படி வருகிறது என்பதில் இருக்கிறது.

முதலில், சராசரியான அந்த 8 சதவீதம் சட்டம் அனுமதிக்கும் எல்லைக்குள்தான் இருக்கிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.வின் விதிப்படி கலோரி, கொழுப்பு, சர்க்கரை, சோடியம் ஆகியவை லேபிளில் உள்ளதைவிட 20 சதவீதம் வரை கூடுதலாக இருக்கலாம். 300 கலோரி என்று அச்சிட்ட பெட்டியில் 360 இருந்தாலும் குற்றமில்லை. கூடுதலாக வந்த 60, கிட்டத்தட்ட ஓர் இட்லி. இயற்கையாகவே உணவில் உள்ள வைட்டமின், நார்ச்சத்து, புரதம் போன்றவை சொன்னதில் 80 சதவீதமாவது இருந்தால் போதும். சோதிப்பதும் ஒரு பெட்டியை அல்ல. 12 பெட்டிகளிலிருந்து எடுத்துக் கலந்த கலவையை. ஆகவே உங்கள் கையில் உள்ள பெட்டிக்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. லேபிளை அச்சடிக்கும் முன் எஃப்.டி.ஏ. பார்த்து முத்திரை குத்துவதில்லை. எண்கள் சரியாக இருப்பது நிறுவனத்தின் பொறுப்பு. ஆய்வகத்துக்கு அனுப்பலாம், அல்லது செய்முறையை எடுத்து, கீரை இவ்வளவு, பனீர் இவ்வளவு என்று தரவுத் தொகுப்பிலிருந்து கூட்டிப் போடலாம். இதைத் திருட்டு என்று நான் சொல்லமாட்டேன். மழைக்காலக் கீரையும் கோடைக்காலக் கீரையும் ஒன்றல்ல; ஒரு பெட்டியில் பனீர் இரண்டு துண்டு கூட விழும். நிகர எடை குறைந்தால் வழக்கு வரும், கூடினால் யாரும் கேட்கப்போவதில்லை. ஆகவே கை தாராளமாகத்தான் போகும்.

இனி கதையின் மறுபக்கம். தீ நார்ச்சத்தையும் சேர்த்து எரிக்கும். நம் வயிறு அப்படிச் செய்யாது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வில்பர் அட்வாட்டர் என்ற அமெரிக்க வேதியியலாளர் மனிதர்களை வைத்தே ஆய்வு செய்து, செரிமானத்தில் வீணாவதைக் கழித்துவிட்டுச் சராசரி போட்டார். புரதம் கிராமுக்கு 4, மாவுச்சத்து 4, கொழுப்பு 9. நூறாண்டு தாண்டியும் பெரும்பாலான பெட்டிகளின் கலோரிக் கணக்கு இந்த மூன்று எண்களில்தான் நிற்கிறது. 2012இல் அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் ஆட்களுக்குப் பாதாம் கொடுத்து, வெளியேறியதையும் அளந்து பார்த்தார்கள். 28 கிராம் பாதாமுக்கு 170 கலோரி என்பது பழைய கணக்கு. உடம்பில் சேர்ந்ததோ 129தான். கடித்தும் உடையாத செல் சுவர்களுக்குள் கொழுப்பு சிக்கி அப்படியே வெளியேறிவிடுகிறது. அக்ரூட்டிலும் முந்திரியிலும் பின்னர் இதே போக்கு தெரிந்தது. எனவே முழுக் கொட்டைகள் தூவிய சைவப் பெட்டியில் லேபிள் கூட்டியும் சொல்லியிருக்கலாம்.

புரத வரியில் ஒரு நுணுக்கம். பட்டியலில் கிராம் இருக்கும், பக்கத்தில் சதவீதம் பெரும்பாலும் காலியாக இருக்கும். முகப்பில் புரதத்தைப் பற்றிப் பெருமையடித்தால் மட்டுமே சதவீதம் கட்டாயம். அதுவும் எவ்வளவு செரிக்கும், அமினோ அமிலங்கள் போதுமா என்று திருத்திய எண். கோதுமைப் புரதம் 12 கிராமும் பனீர் புரதம் 12 கிராமும் அங்கேதான் வேறுபடும்.

என்னைக் கேட்டால் கலோரி வரியை மன்னித்துவிடலாம். மன்னிக்கக் கூடாதது சோடியம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்கு 2,000 மில்லிகிராமுக்குக் குறைவாக, அதாவது 5 கிராம் உப்புக்குள் இருக்கச் சொல்கிறது. 650 மில்லிகிராம் சோடியம் உள்ள பெட்டி, ஒரே வேளையில் அதில் மூன்றில் ஒரு பங்கைத் தந்துவிடும். 20 சதவீதச் சலுகை இதற்கும் உண்டு என்பதால் அது 780 ஆகலாம். தட்டோ சின்னது, கூடவே ஊறுகாய் வரும். அந்த ஊறுகாயை எந்தப் பெட்டியும் கணக்கில் சேர்ப்பதில்லை.

முகப்பில் ‘ஹெல்தி’ என்று போடவும் விதி இருக்கிறது. கொழுப்பு அதிகம் என்று பாதாமுக்கே அந்தச் சொல்லை மறுத்த விதி அது. 2024 டிசம்பரில்தான் எஃப்.டி.ஏ. திருத்தி, கொட்டைகளுக்கு வழிவிட்டது. இவ்வளவும் சொன்னதற்காக உறையவைப்பதன்மேல் பழி போட வேண்டாம். பறித்த கையோடு உறைந்த பட்டாணி, வாரக்கணக்கில் ஃப்ரிட்ஜில் வாடிய பட்டாணியைவிட மட்டமல்ல.

நம்மூர் ஃப்ரீசர்களிலும் இப்போது இவை வந்துவிட்டன. இங்கே பச்சைப் புள்ளி சைவம் என்று மட்டுமே சொல்கிறது, ஆரோக்கியம் என்று அல்ல. பட்டியலில் உள்ள எண் பெரும்பாலும் 100 கிராமுக்கானது. சோடியம் 320 என்று பார்த்து நிம்மதியடைந்து, 300 கிராம் பெட்டியைக் காலி செய்தால் உள்ளே போவது 960.

அடுத்த முறை பெட்டியின் முகப்பை விட்டுவிட்டுப் பின்பக்கம் திருப்புங்கள். எண் 100 கிராமுக்கா, முழுப் பெட்டிக்கா என்று பாருங்கள். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பு எத்தனை மில்லிகிராம் என்று தெரியும். முழுப் பெட்டிக்குச் சோடியம் 600ஐத் தாண்டினால், அன்றைக்கு ஊறுகாய் வேண்டாம்.