வில்லின் நாண் சட்டைப் பையான வரலாறு

உயர்நிலை வகுப்புகளில் பயிலும் நம் பிள்ளைகளைக் கணக்குப் பாடத்தில் மிரட்டும் சொற்களுள் ஒன்று 'சைன்'. மூக்கடைப்பும் தலைவலியுமாக மருத்துவரிடம் செல்வோர் கேட்டுவரும் சொல் 'சைனஸ்'. ஒன்று கணிதம், மற்றொன்று மருத்துவம். ஆயினும் இவ்விரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

ஆங்கிலத்தில் வழங்கும் இவ்விரு பெயர்ச் சொற்களுக்கும் மூலம் 'சினுஸ்' என்னும் லத்தீன் சொல்லாகும். வளைவு, ஆடையின் மடிப்பு, மார்பகம், கடல் உள்வாங்கிய வளைகுடா என அதற்குப் பல பொருள்கள் உண்டு. உரோமானியர் தம் மேலாடையை மார்பின் குறுக்கே தொங்கவிடும்போது உண்டாகும் மடிப்பையும் இச்சொல்லாலேயே குறித்தனர். முக எலும்புகளின் உள்ளே பை போன்று அமைந்த காற்றறைகளுக்கு மருத்துவர்கள் இப்பெயரைச் சூட்டியது பொருத்தமே. ஆனால் கோணங்களை அளக்கும் கணிதத்தில் ஆடையின் மடிப்புக்கு என்ன வேலை?

விடையை அறிய லத்தீனைக் கடந்து, அரபு மொழிக்கும் அதற்கு அப்பால் நம் பாரத நாட்டுக்கும் செல்ல வேண்டும்.

ஒரு வட்டத்தின் பரிதியில் சிறு பகுதியை எடுத்துக்கொண்டு, அதன் இரு முனைகளையும் ஒரு நேர்க்கோட்டால் இணைத்துப் பாருங்கள். வளைந்த பகுதி வில்லைப் போலவும், நேர்க்கோடு அதில் பூட்டிய நாணைப் போலவும் தோன்றும். தமிழ்ப் பாட நூல்கள் இன்றும் அக்கோட்டை 'நாண்' என்றே அழைக்கின்றன. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி, முழு நாணின் நீளத்தைக் கொண்டே வானியல் கணக்குகளைச் செய்தார். இந்திய அறிஞர்களோ பாதி நாணே கணக்கிடுவதற்கு எளிது எனக் கண்டனர். கி.பி. 499-ஐ ஒட்டி ஆரியபட்டர் இயற்றிய நூலில், 3 பாகை 45 கலை இடைவெளியில் 24 அரை நாண்களுக்கான அட்டவணை இடம் பெற்றுள்ளது. வடமொழியில் நாணுக்கு 'ஜ்யா' என்றும் 'ஜீவா' என்றும் பெயர்.

அப்பாஸிய கலீஃபா அல் மன்சூர் (754-775) காலத்தில் இந்திய வானியல் நூல்கள் பக்தாதை அடைந்தன. அரபு அறிஞர்கள் 'ஜீவா' என்ற சொல்லை மாற்றாமல், அதன் ஒலியையே அரபு எழுத்துகளில் பதிந்தனர். உயிர்க்குறிகள் இன்றி எழுதும் வழக்கில் ஜீம், யா, பா என்னும் மூன்று எழுத்துகளே எஞ்சின. இவற்றை 'ஜைப்' என்றும் படிக்கலாம். 'ஜைப்' என்பதோ அரபியில் நன்கறிந்த சொல். சட்டையின் மார்புத் திறப்பையும் பையையும் குறிப்பது. திருக்குர்ஆனின் அந்நூர் அத்தியாயம் 31-வது வசனத்தில் இதன் பன்மையான 'ஜுயூப்' வருகிறது. மூஸா (அலை) அவர்கள் தம் கையை நுழைக்கும்படி ஏவப்பட்ட இடத்தைக் குறிக்கவும் அந்நம்ல் அத்தியாயத்தில் இச்சொல்லே வந்துள்ளது.

12-ம் நூற்றாண்டில் அரபு நூல்களை லத்தீனுக்குப் பெயர்த்தோர் 'ஜைப்' என்று கண்டு, அதன் பொருளுக்கு ஏற்ப 'சினுஸ்' என எழுதினர். வில்லின் நாண் இவ்வாறுதான் ஆடையின் மடிப்பாயிற்று! அதுவே ஆங்கிலத்தில் 'சைன்' எனக் குறுகியது. 1620-ல் எட்மண்ட் கண்டர் என்ற ஆங்கிலேயர் 'கோ' என்ற முன்னொட்டைச் சேர்க்க, 'கோசைன்' பிறந்தது.

முஸ்லிம் அறிஞர்கள் இதைப் பெற்று வைத்துக்கொண்டதோடு நின்றுவிடவில்லை. 929-ல் மறைந்த அல் பத்தானி, முழு நாணை விடுத்து அரை நாணைக் கொண்டே தம் வானியல் நூலை அமைத்தார். 1543-ல் வெளிவந்த தமது நூலில் கோப்பர்நிக்கஸ் அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். கஸ்னா நகரிலிருந்து கிப்லாவின் திசையைத் துல்லியமாகக் காண அல் பிரூனி முயன்றபோது அவருக்குத் துணை நின்றதும் இக்கணிதமே.

"எல்லாம் எம்மிடமிருந்தே சென்றன" என்று பெருமை பேசுவோர் எல்லாச் சமுதாயங்களிலும் உண்டு. இச்சொல் அப்பெருமையை எவருக்கும் முழுமையாக வழங்கவில்லை. இந்தியர் கண்டனர், அரபியர் பெற்று வளர்த்தனர், ஐரோப்பியர் அவர்களிடம் கற்றுப் பெருக்கினர். கடனாகப் பெற்ற அறிவின் பெயரை அரபியர் மறைக்க முற்படாமல் அதன் ஒலியையே காத்தனரே, அந்நேர்மையே நாம் உண்மையில் பெருமை கொள்ளத்தக்கது.

நம் இல்லங்களில் பெரியவர்கள் சட்டைப் பையை 'ஜேபி' என்பார்கள். அதுவும் உருது வழியாக வந்த அதே 'ஜைப்' தான். கணிதம் தமக்கு அந்நியமானது என்று அஞ்சும் மகனுக்கோ மகளுக்கோ இதை எடுத்துச் சொல்லுங்கள். அவர்கள் அஞ்சும் அச்சொல் நெடுங்காலமாக நம் வீட்டுச் சட்டையிலேயே இருந்து வருகிறது.