நிறவெறி நோய்க்கு அரசு தந்த மருந்து



காசநோய் எப்படிப் பரவுகிறது, தொழுநோயை எப்படிக் குணப்படுத்தலாம் என்பதையெல்லாம் நீங்கள் நன்கு அறிவீர்கள். இம்முறை நுண்ணோக்கியில் தென்படாத ஒரு நோய்க் காரணத்தைக் குறித்து எழுத விரும்புகிறோம். அதுதான் நிறவெறி.

மனிதர் மனதில் உள்ள வெறுப்பை நோய்க் காரணம் என்று சொல்லலாமா என நீங்கள் கேட்கலாம். சொல்லலாம் என்றது அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம். நிறவெறி பொதுச் சுகாதாரத்துக்கு ஒரு பெரிய ஆபத்து என்று 2021 ஏப்ரலில் அது அறிவித்தது. விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி மாவட்ட நிர்வாகம் இதே கருத்தை 2019 மே மாதத்திலேயே அறிவித்திருந்தது. பின்னர் பல நகர, மாவட்ட நிர்வாகங்களும் அதைப் பின்பற்றின.

அறிவிப்புகள் நல்லவைதான். ஆனால் நோயின் பெயரைச் சொன்னால் மட்டும் நோய் தீர்ந்துவிடுமா? மருந்தும் வேண்டும் அல்லவா? அமெரிக்க அரசு ஒருமுறை அந்த மருந்தைக் கொடுத்தது. அது வேலையும் செய்தது. அந்த வரலாற்றை நன்கொடையாளர்களாகிய நீங்கள் அறிந்துகொள்வது மிகவும் பயனுள்ளது. ஏனெனில் அந்த மருந்து, கொடுக்கப்பட்ட பணத்தோடு சேர்ந்து சென்ற ஒரு நிபந்தனையே.

ஒரே வரிப்பணம், இரண்டு வாசல்கள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1946இல், மருத்துவமனைகள் கட்ட மத்திய அரசு பண உதவி செய்யும் சட்டம் ஒன்று அமெரிக்காவில் நிறைவேறியது. அதை ஹில்-பர்ட்டன் சட்டம் என்பார்கள். அச்சட்டத்தில் ஒரு வாசகம் நுழைக்கப்பட்டது. கறுப்பின மக்களுக்குச் சமமான வசதி தனியே இருந்தால், ஒரு மருத்துவமனை அவர்களைச் சேர்க்காமல் விட்டாலும் உதவி கிடைக்கும் என்பதே அதன் பொருள். தனி வசதி இருந்தது, சமம் இருக்கவில்லை. வரி செலுத்தியவர்களில் கறுப்பின மக்களும் உண்டு. ஆனால் தென் மாநிலங்களில் அவர்களுக்குக் கிடைத்தது நெருக்கடியான தனி வார்டு. பல ஊர்களில் அதுவும் இல்லை. கறுப்பின மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளை இந்த மருத்துவமனைகளில் வைத்துச் சிகிச்சை செய்யவும் அனுமதியில்லை. திருச்சபைகள் நடத்திய மருத்துவமனைகளும் இதற்கு விலக்காக இருக்கவில்லை என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

வட கரோலினா மாநிலத்தின் கிரீன்ஸ்பரோ நகரில் ஜார்ஜ் சிம்கின்ஸ் என்ற கறுப்பினப் பல் மருத்துவர் இருந்தார். கடுமையான பல் தொற்றினால் அவதிப்பட்ட ஒரு நோயாளியை மருத்துவமனையில் சேர்க்க அவர் முயன்றார். கறுப்பினத்தவருக்கான மருத்துவமனையில் இடமில்லை. அரசு உதவி பெற்ற மற்ற இரு மருத்துவமனைகளும் அவரைச் சேர்க்கவில்லை. 1962இல் சிம்கின்ஸும் வேறு சில மருத்துவர்களும் நோயாளிகளும் அந்த இரண்டு மருத்துவமனைகள்மீதும் வழக்குத் தொடுத்தார்கள். பொதுப் பணத்தை வாங்கிக்கொண்டு பொதுமக்களில் ஒரு பகுதியினரை விலக்கலாமா என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி. மத்திய அரசின் நீதித்துறையும் அவர்கள் பக்கம் நின்றது. 1963 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1964இல் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்துவிட்டதால் தீர்ப்பு நிலைத்தது.

நான்கு மாதங்களில் நடந்த மாற்றம்

1964 ஜூலையில் குடியுரிமைச் சட்டம் வந்தது. மத்திய அரசின் நிதியுதவி பெறும் எந்தத் திட்டத்திலும் இனம், நிறம், பிறந்த நாடு ஆகியவற்றைக் காரணம் காட்டி எவரையும் ஒதுக்கக்கூடாது என்று அதன் 6ஆம் பிரிவு கூறியது. சட்டம் வந்தவுடன் எல்லாம் மாறிவிடவில்லை. பல மருத்துவமனைகள் பழைய வழக்கத்தையே தொடர்ந்தன.

மறு ஆண்டு, 1965 ஜூலை 30 அன்று, 65 வயதைக் கடந்தவர்களின் மருத்துவச் செலவை ஏற்கும் மெடிகேர் திட்டத்தில் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டார். 1966 ஜூலை 1 அன்று அது தொடங்க வேண்டும். ஏறக்குறைய 1 கோடியே 90 லட்சம் முதியோர் அதில் சேர்ந்தார்கள். இப்பணம் வராமல் நடத்த முடியும் என்று சொல்லக்கூடிய மருத்துவமனைகள் மிகச் சிலவே. அரசு அப்போது உறுதியாகச் சொன்னது இதுதான்: பிரிவினை இருக்குமிடத்துக்கு மெடிகேர் பணம் வராது.

இதைக் கண்காணிக்கத் தனி அலுவலகம் ஏற்படுத்தப்பட்டது. பல துறைகளிலிருந்து ஏறக்குறைய ஆயிரம் பேர் இப்பணிக்கு அழைக்கப்பட்டார்கள். அவர்கள் மருத்துவமனைகளின் உறுதிமொழிக் கடிதங்களை மட்டும் நம்பியிருக்கவில்லை. நேரில் சென்று பார்த்தார்கள். ஒரே அறையில் இரு இனத்து நோயாளிகளும் இருக்கிறார்களா? காத்திருக்கும் இடமும் உணவு அறையும் பொதுவானவையா? கறுப்பின மருத்துவர்களுக்கு இடம் உண்டா? இவற்றையெல்லாம் விசாரித்தார்கள். சோதனை நாளில் மட்டும் நோயாளிகளை இடம் மாற்றி வைத்த இடங்களும் உண்டு. அங்கே பணிபுரிந்த கறுப்பின ஊழியர்களே உண்மையைச் சொல்லி உதவினார்கள்.

சில மாதங்களிலேயே பலன் தெரிந்தது. 1966 ஜூலையில் திட்டம் தொடங்கியபோது, பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்ட மருத்துவமனைகள் நிபந்தனையை ஏற்றிருந்தன. தலைமுறைகளாக மாறாது என்று சொல்லப்பட்ட வழக்கம் ஏறக்குறைய நான்கு மாதங்களில் மாறியது.

இதனால் உயிர்கள் காப்பாற்றப்பட்டன. தென் மாநிலக் கிராமப்புறங்களில் வயிற்றுப்போக்காலும் நிமோனியாவாலும் இறந்துகொண்டிருந்த கறுப்பினக் குழந்தைகளின் எண்ணிக்கை அதன்பின் வேகமாகக் குறைந்தது. இவை மருத்துவமனையில் சேர்த்து உரிய நேரத்தில் திரவமும் மருந்தும் கொடுத்தால் பிழைக்கக்கூடிய நோய்கள். அக்குழந்தைகளுக்கும் உயிருக்கும் நடுவே நின்றது பூட்டிய கதவுதான்.

மருந்து எட்டாத இடங்கள்

நிபந்தனை எட்டாத இடங்களில் நோய் தங்கிவிட்டது. மருத்துவர்களின் தனிப்பட்ட கிளினிக்குகளுக்கு மெடிகேர் செலுத்தும் கட்டணம் அரசின் நிதியுதவி அல்ல என்று விலக்கு அளிக்கப்பட்டது. அந்த விளக்கத்தை மாற்றும் விதியை அரசு வெளியிட்டது 2024இல்தான்.

1985இல் சுகாதாரத் துறைச் செயலர் மார்கரெட் ஹெக்லர் வெளியிட்ட அறிக்கை, சிறுபான்மை இனத்தவரிடையே ஆண்டுதோறும் ஏறக்குறைய 60,000 மரணங்கள் மிகுதியாக நேர்கின்றன என்று கணக்கிட்டது. அடுத்த ஆண்டே சிறுபான்மையினர் சுகாதாரத்துக்கென ஓர் அரசு அலுவலகம் திறக்கப்பட்டது. ஆயினும் இடைவெளி மூடப்படவில்லை. 2023இல் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு, வெள்ளையினத் தாய்மாரில் 14.5 பேர் இறந்தார்கள். கறுப்பினத் தாய்மாரிலோ 50.3 பேர்.

எனினும் விதி உறுதியாக இருக்குமிடத்தில் இப்போதும் பலன் உண்டு. சிறுநீரகத்தின் திறனைக் கணக்கிடும் சூத்திரம் ஒன்று பல ஆண்டுகளாகக் கறுப்பினத்தவருக்கு மட்டும் தனி எண்ணால் பெருக்கப்பட்டது. அதனால் அவர்களுடைய சிறுநீரகம் உள்ளதைவிட நன்றாக இருப்பதுபோல் தோன்றியது. மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையில் அவர்கள் தாமதமாகவே இடம் பெற்றார்கள். அரசின் மேற்பார்வையில் இயங்கும் தேசிய உறுப்பு மாற்று அமைப்பு 2022இல் அச்சூத்திரத்தைத் தடை செய்தது. அத்தோடு நிற்கவில்லை. இவ்வாறு காலத்தை இழந்தவர்களைத் தேடிக் கண்டுபிடித்து, இழந்த காலத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 2023 ஜனவரி முதல் மருத்துவமனைகளுக்குக் கட்டளையிட்டது. ஆயிரக்கணக்கானோர் வரிசையில் முன்னேறினார்கள்.

அறிவிப்புகளோ ஆட்சியோடு வந்து ஆட்சியோடு போகக்கூடியவை. இனச் சமத்துவத்தை முன்னேற்ற 2021 ஜனவரியில் பிறப்பிக்கப்பட்ட அரசாணை, 2025 ஜனவரியில் புதிய ஆட்சி பதவியேற்ற அன்றே ரத்து செய்யப்பட்டது.

நமக்கு என்ன பாடம்?

மருத்துவமனைக்குப் பணம் கொடுக்கிறவர் அதன் கட்டிடத்துக்கும் கருவிகளுக்கும் மட்டும் கொடுக்கிறார் என்று நாம் எண்ணிவிடுகிறோம். 1946இல் கொடுத்த பணம் புதிய கட்டிடங்களை எழுப்பியது, ஆனால் பிரிவினையையும் அவற்றுக்குள்ளேயே வைத்துக் கட்டியது. 1966இல் கொடுத்த பணம் அதே கட்டிடங்களின் கதவைத் திறந்தது. வேறுபாடு, கொடுத்தவர் என்ன கேட்டார் என்பதில்தான் இருந்தது.

ஆகவே நீங்கள் எந்த மருத்துவமனைக்குக் கொடுத்தாலும், எங்களுக்கே கொடுத்தாலும், தயங்காமல் கேளுங்கள்: யார் உள்ளே வருகிறார்கள்? யார் வாசலோடு திரும்புகிறார்கள்? சேர்க்கப்பட்டவர்கள் எல்லாரும் ஒரே விதமாகக் கவனிக்கப்படுகிறார்களா? பதிலை அறிக்கையில் படிப்பதோடு நின்றுவிடாமல், இயன்றால் நேரில் வந்து வார்டுகளையும் பாருங்கள். இப்படிக் கேட்பது நன்கொடையாளரின் உரிமை. நாங்கள் அதை மனமார வரவேற்கிறோம்.