ஒளித் துப்பாக்கியும் பழைய தொலைக்காட்சியும்

தீபாவளி நெருங்கும்போது விருதுநகர் மாவட்டத்துச் சிறுவர் கைகளில் விளையாட்டுத் துப்பாக்கிகள் தோன்றிவிடும். சிவகாசிப் பகுதியில் செய்யப்படும் சுருள் கேப்பை உள்ளே இட்டு விசையை இழுத்தால் ஓசையும் சிறிது புகையும் எழும். தாள்நாடாவில் உள்ள மருந்துப் பொட்டின்மீது சுத்தி விழுகிறது. அந்த அடியில் மருந்து வெடிக்கிறது. இதனை இப்பகுதிப் பிள்ளைகளுக்கு விளக்க ஆசிரியர் எவரும் வேண்டுவதில்லை.

ஆயின், மற்றொரு வகைத் துப்பாக்கியும் உண்டு. 1990-களில் தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடும் வீடியோ கேம் பெட்டிகளுடன் அது விற்கப்பட்டது. அதில் மருந்தும் இல்லை, குண்டும் இல்லை. எனினும் திரையில் பறக்கும் வாத்தைக் குறிபார்த்து விசையை இழுத்தால் வாத்து விழும். அதே துப்பாக்கியையும் பெட்டியையும் இன்றைய தட்டைத் தொலைக்காட்சியில் இணைத்துப் பாருங்கள். எத்தனை முறை சுட்டாலும் ஒரு வாத்தும் விழாது. துப்பாக்கியில் பழுதில்லை, பெட்டியிலும் பழுதில்லை. பின் காரணம் யாது? அதனையே இன்று ஆராய்வோம்.

முதலில், பழைய தொலைக்காட்சி படம் காட்டும் முறையை அறிதல் வேண்டும். அதன் பெரிய கண்ணாடிக் குழாயின் பின்புறத்திலிருந்து எலெக்ட்ரான் கற்றை புறப்பட்டுத் திரையின் உட்புறத்தைத் தாக்குகிறது. தாக்கிய இடத்திலுள்ள பாஸ்பர்ப் பூச்சு ஒளிர்கிறது. நாம் புத்தகத்தை வாசிப்பது போலவே, இக்கற்றை இடமிருந்து வலமாக வரிவரியாக ஓடி மேலிருந்து கீழே இறங்குகிறது. நம் நாட்டு முறைப்படி நொடிக்கு 50 முறை இவ்வாறு இறங்கும்; நொடிக்கு 15,625 வரிகளை வரையும். ஒளிர்ந்த இடம் உடனே மங்கத் தொடங்கும். ஆகவே எந்தக் கணத்திலும் திரையின் ஒரு சிறு பகுதியே நன்றாக ஒளிர்கிறது. முழுப் படம் இருப்பதாக நாம் காண்பது, நம் கண் அத்தனை விரைவை உணர மாட்டாமையால்தான்.

கண்ணுக்கு எட்டாத இவ்விரைவை ஒளித் துப்பாக்கி உணர்கிறது. அது திரையை நோக்கி எதனையும் அனுப்புவதில்லை. திரையிலிருந்து வரும் ஒளியைப் பெறுகிறது. குழல்வாயில் ஒரு லென்சும், அதன் பின்னே ஒளியை உணரும் குறைகடத்தியும் உள்ளன. விசையை இழுத்தவுடன் விளையாட்டுப் பெட்டி திரை முழுவதையும் ஒரு கணம் கருமையாக்குகிறது. அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெண்சதுரத்தை வரைகிறது. முதலில் இருளையும் பின்னர் ஒளியையும் துப்பாக்கி கண்டால் குறி தப்பவில்லை என்று பெட்டி முடிவு செய்கிறது. வாத்துகள் இரண்டாயின், சதுரங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டும். ஒளி எந்தக் கணத்தில் வந்தது என்பதைக் கொண்டு எந்த வாத்து வீழ்ந்தது என்று அறியும். துப்பாக்கியை மின்விளக்கின் பக்கம் நீட்டி ஏமாற்ற இயலாது. விளக்கு இடைவிடாது ஒளிர்வதால் இருள் காணும் முதற் சோதனையிலேயே தோல்வி நேரும்.

இக்கருவியின் வரலாறும் சுவையானதே. 1972-இல் அமெரிக்காவில் வெளிவந்த மேக்னவாக்ஸ் ஒடிசி, வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து விளையாடும் கருவிகளுள் முதலாவது. அதற்கு அடிகோலியவர் ரால்ஃப் பேயர். அதற்கும் ஓர் ஒளித் துப்பாக்கி தனியே கிடைத்தது. ஜப்பானில் 1889-இல் கியோட்டோ நகரில் விளையாட்டுச் சீட்டுகள் செய்யத் தொடங்கிய நிறுவனம் நின்டெண்டோ. சிவகாசி அச்சகங்களைப் போல அதுவும் தாளையும் வண்ணத்தையும் நம்பிப் பிழைத்த தொழிலே. ஷார்ப் நிறுவனத்தில் பணியாற்றிய மசாயுகி உயேமுரா, சூரிய மின்கலங்களை விற்கும் பொருட்டு நின்டெண்டோவுடன் தொடர்பு கொண்டார். ஒளிபட்டால் மின்சாரம் தரும் அக்கலங்கள் விளையாட்டுத் துப்பாக்கிகளின் இலக்குகளாயின. பின்னர் அவர் நின்டெண்டோவிலேயே சேர்ந்து, 1983-இல் வெளிவந்த ஃபேமிலி கம்ப்யூட்டர் என்னும் பெட்டியை வடிவமைத்தார். டக் ஹன்ட் என்ற வாத்து வேட்டை விளையாட்டு அதற்காக 1984-இல் வந்தது. அப்பெட்டியைப் பின்பற்றிச் செய்த நகல்களே நம் ஊர்க் கடைகளில் பெரிதும் விற்றன.

தமிழ்நாட்டில் இவ்விளையாட்டுக்குத் துணையாக மற்றொரு நிகழ்ச்சியும் அமைந்தது. 2006-இல் மாநில அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குலப் பெட்டிகள் வழங்கப்பட்டன. தீப்பெட்டி ஒட்டும் குடும்பத்தின் சிறு வீட்டிலும் கண்ணாடிக் குழாய்த் திரை வந்தது. ஒளித் துப்பாக்கிக்கு ஏற்ற திரை அதுவே.

தட்டைத் தொலைக்காட்சியின் முறை வேறு. அது வரும் படத்தை முதலில் நினைவகத்தில் வாங்கித் திருத்தி, அதன்பின் காட்டுகிறது. தாமதம் நொடியில் நூறில் சில பங்குதான். எனினும், வெண்சதுரம் தோன்றும்போது பெட்டி எதிர்பார்த்த கணம் கடந்துவிடுகிறது. மேலும், வரிவரியாகத் துடிக்கும் ஒளியை ஏற்குமாறு அமைந்த துப்பாக்கிக்குத் தட்டைத் திரையின் நிலையான ஒளி பொருந்துவதில்லை.

ஆகவே புதிய கருவிகள் வேறு வழியை நாடின. 2006-இல் வந்த நின்டெண்டோ வீ கருவியின் கைப்பிடியில் ஒரு சிறு கேமரா உள்ளது. தொலைக்காட்சியின் அருகே வைத்த அகச்சிவப்பு விளக்குகளைக் கண்டு, கை எங்கே நீட்டுகிறது என்று அது கணக்கிடும். அண்மைக்காலத்துச் சின்டன் துப்பாக்கி, திரையைச் சுற்றி வரைந்த வெண்ணிறச் சட்டத்தைக் கேமராவால் கண்டு குறியை அறிகிறது. பழையது நேரத்தை அளந்தது; புதியது இடத்தை அளக்கிறது.

பழைய விளையாட்டுக் கருவிகளில் ஆர்வம் கொண்டோர் கண்ணாடிக் குழாய்த் தொலைக்காட்சியைத் தேடித் திரிவது ஏன் என்பது இப்போது விளங்கும். விளையாட்டின் நிரலை ஒரு நொடியில் நகலெடுக்கலாம். படக்குழாயை அவ்வாறு நகலெடுக்க முடியாது. அதன் உற்பத்தி உலகெங்கும் ஏறத்தாழ நின்றுவிட்டது. ஒரு பொருளைக் காப்பதென்றால், அது இயங்குவதற்குத் துணைநின்ற மற்றப் பொருளையும் காக்க வேண்டும்.

நம் வீடுகளிலிருந்து இப்பெட்டிகள் நாள்தோறும் காயலான் கடைக்குச் செல்கின்றன. எல்லாவற்றையும் வைத்திருத்தல் இயலாது, வேண்டுவதுமில்லை. ஆனால் மாவட்டத்துக் கல்லூரிகளும் மேல்நிலைப் பள்ளிகளும் தம் இயற்பியல் கூடத்தில் ஒரு நல்ல பெட்டியையேனும் காத்தல் தகும். எலெக்ட்ரான் கற்றை, காந்தப் புலம், ஒளியுணர் குறைகடத்தி ஆகிய மூன்று பாடங்களையும் ஒரு வாத்து வேட்டையில் கற்பிக்கலாம். எஞ்சிய பெட்டிகளை உடைக்காமல், உரிமம் பெற்ற மின்கழிவு நிலையங்களிடம் சேர்ப்பிக்க வேண்டும். அக்கண்ணாடியில் ஈயம் கலந்துள்ளது.

மாணவர்கள் ஒன்றை மறத்தலாகாது. படக்குழாயில் 20,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் உண்டு. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அது சிறிது காலம் தங்கியிருக்கும். பயிற்சி பெற்றவர் உடனிருந்தாலன்றி அப்பெட்டியைத் திறத்தல் கூடாது. மருந்தைக் கையாளும் முறையை அறிந்தவரே மருந்தறையுள் நுழையலாம் என்பது சிவகாசி அறிந்த நெறி. மின்கருவிக்கும் அதுவே நெறியாகும்.