ஆறாவது நகர்த்தலில் முடிந்த ஆட்டம்

1988-இல் சுவிட்சர்லாந்தின் பீல் நகரில், கொலம்பியாவின் அலோன்சோ சபாட்டாவிடம் விஸ்வநாதன் ஆனந்த் ஆறே நகர்த்தலில் தோற்றார். இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆன அதே ஆண்டு. ஐந்தாவது நகர்த்தலில் ஆனந்த் மந்திரியை எஃப்5-க்குக் கொண்டுவந்தார். சபாட்டா ராணியை இ2-இல், தன் ராஜாவுக்கு முன்னால் நிறுத்தினார். நடுவில் நின்ற கறுப்புக் குதிரை நகர முடியாது; பின்னால் ராஜா. சிப்பாயை டி5-க்குத் தள்ளிக் காப்பாற்றப் பார்த்தாலும், வெள்ளைச் சிப்பாய் டி3-க்கு வந்து குதிரையைப் பறித்துவிடும். ஆனந்த் அங்கேயே விட்டுக்கொடுத்தார்.

அந்த மந்திரி நகர்த்தல் அவர் கண்டுபிடித்ததல்ல. முந்தைய ஆண்டு கிராண்ட்மாஸ்டர்கள் மைல்ஸ்–கிறிஸ்டியன்சன் ஆட்டத்தில் வந்தது. அங்கே மைல்ஸ் ராணியை இ2-க்குக் கொண்டுவரவில்லை; ஆட்டம் டிராவானது. மனப்பாடம் செய்த தொடக்கத்தை நம்பி ஆடும் எந்தப் பொழுதுபோக்கு ஆட்டக்காரருக்கும் இது பழகிய கதைதான்.

சென்னையில் 1972-இல் தொடங்கிய டால் செஸ் கிளப்பில், ஆனந்த் சிறுவனாக ஆடிய மின்னல் ஆட்டங்களில், தோற்றவர் எழுந்து அடுத்தவருக்கு இடம் விடவேண்டும். நின்று பார்க்கிறபோது தெரிகிற தப்பு, உட்கார்ந்ததும் கண்ணுக்குத் தெரிவதில்லை. காரணம் கை. எதிராளி எதற்காக ஆடினார் என்று கேட்பதற்குள் அது காயைத் தொட்டுவிடும். தொட்ட காயை ஆடியே தீரவேண்டும். நகர்த்தலை முதலில் தாளில் எழுதி, இன்னொரு முறை பலகையைப் பார்த்துவிட்டு ஆடும்படி ரஷ்யாவின் கிராண்ட்மாஸ்டர் கோட்டோவ் சொன்னார். நல்ல மருந்துதான், ஆனால் உலகச் சதுரங்க அமைப்பான ஃபிடேயின் விதி இன்று முன்கூட்டி எழுதுவதைத் தடுக்கிறது.

முறை வருவது எல்லா இடத்திலும் ஒன்றல்ல. பழவேற்காட்டு ஏரி மீனவர்கள் பாடு முறைப்படி, யாருக்கு எந்த நாளில் எந்த இடம் என்று வகுத்துக்கொண்டு வலையிறக்குகிறார்கள். அங்கே முறை என்பது உரிமை. சதுரங்கத்தில் அது கட்டாயம். ஆடாமல் விட வழியில்லை. இறுதியாட்டத்தில் சும்மா காத்திருந்தாலே போதும் என்ற நிலையில்கூட எதையாவது ஆடத்தான் வேண்டும். கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகப் பட்டத்துக்கான 14-ஆவது ஆட்டம், டிங் லிரென், குகேஷ் இருவருக்கும் 6.5 புள்ளி. டிராவுக்குப் போய்க்கொண்டிருந்த ஆட்டத்தில், 55-ஆவது நகர்த்தலாக டிங் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்தார். யானைகள் வெட்டுப்பட்டால் மூலையில் நின்ற அவருடைய மந்திரிக்கும் போக்கிடம் இல்லை. குகேஷுக்கே அது உடனே தெரியவில்லை. ஏற்கெனவே நினைத்து வைத்திருந்த யானை நகர்த்தலை ஆடப்போய், கடைசி நொடியில்தான் அந்த மந்திரியைப் பார்த்ததாகப் பிறகு சொன்னார்.