மலிவாக வாங்கிய பழம்பொருளும் மறுவிற்பனையின் ஒழுக்கமும்



பழைய நாணயங்களையும் அஞ்சல் தலைகளையும் சேகரிக்கும் பழக்கம் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில், தொழிற்சாலைப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் முதல் பள்ளி மாணவர்கள் வரை பலரிடம் உண்டு. ஒரு காலத்தில் இவர்கள் பழம்பொருள் தேடிச் சென்ற இடம் மூர் மார்க்கெட். 1985-ல் அது தீக்கிரையானது. இன்று கண்காட்சிகளிலும், அதைவிட அதிகமாக நண்பர்களின் வீடுகளிலும் கைமாற்றம் நடக்கிறது. "உங்களிடம்தானே போகிறது" என்று சொல்லி ஒருவர் ஆற்காட்டு ரூபாயைப் பாதி விலைக்குக் கொடுக்கிறார். வாங்கியவர் அடுத்த வாரமே அதை நான்கு மடங்கு விலைக்கு விற்கிறார். இது ஆகுமானதா?

இலாபம் ஈட்டுவது குற்றமன்று. இதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். உர்வா அல்பாரிகீ (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் ஒரு தீனார் கொடுத்து ஆடு ஒன்று வாங்கிவரச் சொன்னார்கள். அவர் அதற்கு இரண்டு ஆடுகள் வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஆட்டையும் தீனாரையும் கொண்டுவந்து ஒப்படைத்தார். அவருடைய வியாபாரத்தில் பரக்கத் உண்டாக நபியவர்கள் துஆச் செய்தார்கள் என்று புகாரியில் பதிவாகியுள்ளது. நூற்றுக்கு நூறு இலாபம்! அதை நபியவர்கள் கண்டிக்கவில்லை.

ஆனால் சந்தை நிலவரம் அறிந்து விற்பவர் வேறு; நம்மை நம்பி விலையை நம்மிடமே விட்டுவிடுபவர் வேறு. ஜரீர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) அவர்களின் பணியாள் 300 திர்ஹத்திற்கு ஒரு குதிரையைப் பேசி முடித்தபோது, ஜரீர் (ரலி) குதிரைக்காரரிடம், அது அதைவிட அதிகம் பெறும் என்று தாமே சொல்லி, படிப்படியாக விலையை உயர்த்தி 800 திர்ஹம் கொடுத்தார்கள். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நபியவர்களிடம் பைஅத் செய்திருப்பதே அதற்கு அவர்கள் கூறிய காரணம். வாங்குபவரே விலையை ஏற்றிய கதை இது. இன்று சொன்னால் நம்மில் பலர் சிரிப்போம்.

அந்த உயரத்தைச் சட்டம் எல்லோர் மீதும் கடமையாக்கவில்லை. விலை குறைந்துவிட்டது என்ற ஒரே காரணத்தால் ஷாஃபிஈ மத்ஹபில் வியாபாரம் முறியாது. பெரும் விலை இழப்போடு ஏமாற்றுதலும் சேர்ந்திருந்தால் முறித்துக்கொள்ளும் உரிமை உண்டு என்பது ஹனஃபி அறிஞர்கள் பலரின் தீர்ப்பு. விலை அறியாமல் நம்பி ஒப்படைத்தவருக்கு ஹன்பலி மத்ஹப் அந்த உரிமையை வெளிப்படையாகவே வழங்குகிறது. எனவே, "என் தொகுப்பில் வைத்துக்கொள்வதற்காகக் கேட்கிறேன்" என்று சொல்லிச் சலுகை பெற்று, உள்ளத்தில் விற்கும் எண்ணத்தை மறைத்திருந்தால் அது பொய். விற்கத்தான் வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டால் பழி நீங்கிவிடும். சலுகையும் ஒருவேளை நீங்கிவிடும். உண்மையாகவே தொகுப்பில் வைத்திருந்து பின்னாளில் விற்க நேர்ந்தால், கொடுத்தவரிடம் முதலில் கேட்பது அழகிய பண்பு. அது கடமையன்று.

இதைவிடக் கடுமையானது மரணித்தவரின் ஆல்பம். கணவர் நாற்பது ஆண்டுகள் சேர்த்ததை மனைவி வெளியே எடுத்து வைக்கிறார். அதன் மதிப்பு அவருக்குத் தெரியாது. 1948-ல் வெளிவந்த காந்தியடிகளின் பத்து ரூபாய் அஞ்சல் தலையை எடுத்துக்கொள்வோம். பாபூ என்று இந்தியிலும் உருதுவிலும் பொறிக்கப்பட்ட அந்தத் தலையில், அலுவலகப் பயனுக்காக 'சர்வீஸ்' என்று மேலச்சு இடப்பட்டவை 100 மட்டுமே. அந்த ஒரு சொல் செய்யும் வித்தியாசத்தை அறிந்தவர், கூடத்தில் அமர்ந்திருக்கும் நண்பர் மட்டுமே. இங்கே அவர் வாய் மூடியிருப்பது சாமர்த்தியமாகாது. வாரிசுகளில் பருவமடையாத பிள்ளை இருந்தால் நிலைமை இன்னும் மாறுகிறது. எத்தீமின் பங்கை மதிப்புக்கு மிகக் குறைவான விலைக்கு விற்கப் பொறுப்பாளருக்கே அதிகாரமில்லை என்பது ஃபிக்ஹ் சட்டம். விற்ற தாய்க்கு விலை தெரியாது, வாங்கியவருக்குத் தெரியும். அப்படி வாங்கியதை ஹலாலான இலாபம் என்று எண்ணி வீட்டுக்குக் கொண்டுசெல்ல முடியாது. குடும்பத்தார் வேறொரு விவரம் அறிந்தவரிடம் மதிப்புக் கேட்ட பிறகே விலை பேசுவது நண்பருக்கும் பாதுகாப்பு.

ஏலத்தில் வாங்கும் எண்ணமில்லாமல் நண்பருக்காக விலையை ஏற்றிவிடுவது நஜ்ஷ்; அதை நபியவர்கள் தடுத்துள்ளார்கள். என்ன விலைக்கு வாங்கினீர் என்று கேட்டால் பதில் சொல்லாமல் இருக்கலாம். பொய் சொல்லக் கூடாது.

வெள்ளி நாணயம் சேர்ப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெள்ளிக்கு வெள்ளி மாற்றினால், ஒன்று அரிதானது, மற்றொன்று சாதாரணமானது என்றாலும் எடை சமமாக இருக்க வேண்டும். உடனே கைமாறவும் வேண்டும். அரிய நாணயத்திற்கு அதிக மதிப்புப் பெற விரும்புவோர், ஒன்றை ரூபாய்க்கு விற்று அந்தப் பணத்தில் மற்றதை வாங்குவதே வழி. கைபரில் நல்ல பேரீச்சம்பழத்தைத் தாழ்ந்த ரகத்தோடு கூடுதல் குறைவாக மாற்றியவருக்கு நபியவர்கள் காட்டிய வழியும் இதுவே.

நாட்டுச் சட்டமும் உண்டு. மண்ணில் புதைந்து கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலை 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறாண்டுக்கு மேற்பட்ட தொல்பொருள்களை விற்பதைத் தொழிலாகச் செய்ய 1972-ஆம் ஆண்டின் சட்டப்படி உரிமம் தேவை. வீடு கட்டக் கடைக்கால் தோண்டியபோது கிடைத்தது என்று யாரேனும் ஒரு பிடி செப்புக் காசுகளை மலிவாக நீட்டினால், விலை பேசுவதற்கு முன் கேட்க வேண்டியது, ஆட்சியருக்குத் தெரிவித்தாயிற்றா என்பதே.